கியூபுக்குள் புதிய அட்டை: வாங்கும் முன்பும் சேர்த்த பின்பும் செய்ய வேண்டியவை

மேஜிக்: த கேதரிங் என்ற அட்டை ஆட்டத்துக்குச் சொந்தமாக ஒரு கியூப் கட்டியவர்களுக்கு, கட்டுவதைவிடப் பராமரிப்பதுதான் கடினம் என்பது முதல் ஆண்டிலேயே தெரிந்துவிடும். 2024 ஜூன் 14 முதல் நவம்பர் 15 வரையிலான ஐந்து மாதங்களில் மட்டும் மாடர்ன் ஹொரைசன்ஸ் 3, புளூம்பரோ, டஸ்க்மோர்ன், ஃபவுண்டேஷன்ஸ் என்று நான்கு பெரிய தொகுப்புகள் வெளிவந்தன. அந்த ஐந்து மாதங்களில் நான் செய்த பிழைகள்தான் இந்த வழிகாட்டிக்குக் காரணம். ஒரு முன்னோட்டக் காலத்தின் (வெளியீட்டுக்கு முன் புதிய அட்டைகளைக் காட்டும் நாட்கள்) உற்சாகத்தில் ஒரே இரவில் 41 அட்டைகளை மாற்றினேன். அடுத்த ஆட்டத்தன்று சிவப்பு வண்ண அட்டைகளால் வேகமாகத் தாக்க நினைத்த இரண்டு நண்பர்களுக்கு ஒரு மானா (அட்டைகளை ஆடக் கொடுக்கும் ஆற்றல்) விலையில் கிரியேச்சர்களே (தாக்கவும் தடுக்கவும் உதவும் உயிரினங்கள்) கிடைக்கவில்லை, ஏனென்றால் எட்டாக இருந்ததை நான் எனக்கே தெரியாமல் மூன்றாக்கியிருந்தேன். ஒவ்வொரு மாற்றமும் தனியாகப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது, மொத்தமாகச் சேர்ந்தபோது ஒரு வண்ணமே முடங்கிவிட்டது.

கியூபுக்கே புதியவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். கியூப் என்பது ஒருவர் தாமே தேர்ந்தெடுத்து, வழக்கமாக ஒவ்வொன்றிலும் ஒரே படி வீதம் வைத்திருக்கும் அட்டைத் தொகுப்பு. எட்டுப் பேர் ஆளுக்கு 15 அட்டைகள் கொண்ட மூன்று பேக்குகளை எடுத்துச் சுற்றிக் கொடுத்து, ஒவ்வொரு முறையும் ஓர் அட்டையைத் தேர்ந்து டிராஃப்ட் செய்ய 360 அட்டைகள் போதும். ஒவ்வொருவரும் 45 அட்டைகளைத் தேர்ந்து, அவற்றில் சுமார் 23 அட்டைகளையும் மானா தரும் சுமார் 17 நிலங்களையும் சேர்த்து 40 அட்டை டெக் (ஆடும் கட்டு) கட்டுவார்கள். 450, 540, 720 என்று பெரிய கியூப்களும் உண்டு. கீழே சொல்வதெல்லாம் 360 அட்டைக் கியூபை மனத்தில் வைத்து எழுதியது.

1. பட்டியலைத் தொடும் முன் இரண்டு ஆவணங்கள்

முதல் ஆவணம் ஒரே பக்கத்தில் அடங்கும் குறிப்பு. உங்கள் கியூப் எதற்காக இருக்கிறது, வழக்கமாக எத்தனை பேர் ஆட வருகிறார்கள், பத்து இரு வண்ண இணைகளில் ஒவ்வொன்றும் என்ன செய்ய முயல்கிறது, எந்த வகை அட்டைகளை எவ்வளவு நன்றாக இருந்தாலும் சேர்க்க மாட்டீர்கள், ஒரு தொகுப்புக்கு எவ்வளவு பணம் செலவிடுவீர்கள் என்பனவற்றை அதில் எழுதி வையுங்கள். இடப் பங்கீடும் அதில் இருக்க வேண்டும். என் கியூபில் ஐந்து வண்ணங்களுக்கும் தலா 50, இரு வண்ண அட்டைகள் இணைக்கு மூன்று வீதம் 30, வண்ணமற்றவை 40, நிலங்கள் 40 என்று 360 வருகிறது. உங்கள் பங்கீடு வேறாக இருக்கலாம், ஆனால் அது எழுத்தில் இருக்க வேண்டும். எழுதாத பங்கீடு ஒவ்வொரு தொகுப்பின்போதும் உங்களுக்குப் பிடித்த வண்ணத்தின் பக்கம் சாய்ந்துகொண்டே போகும்.

இரண்டாவது ஆவணம் மாற்றப் பதிவேடு. சேர்ந்த அட்டை, அதற்காக வெளியேறிய அட்டை, தேதி, ஒரு வரியில் காரணம் என்று நான்கு கட்டங்கள் போதும். கியூப் கோப்ரா தளத்தில் பட்டியலை இலவசமாக வைத்துக்கொள்ளலாம், மாற்றங்களையும் அது சேமித்து வைக்கும். காரணத்தை மட்டும் நீங்கள்தான் எழுத வேண்டும். ஆறு மாதம் கழித்து அந்த ஒரு வரிதான் உங்களைக் காப்பாற்றும்.

2. முன்னோட்டம் தொடங்கும் முன் வெளியேற்றப் பட்டியல்

புதிய அட்டைகளைப் பார்ப்பதற்கு முன்பே, உங்கள் கியூபில் வெளியேறத் தகுதியான 10 முதல் 15 அட்டைகளை எழுதி வைத்துவிடுங்கள். டிராஃப்டில் எப்போதும் கடைசி மூன்று அட்டைகளில் ஒன்றாகச் சுற்றி வருவது, எடுத்தவர்களும் டெக்கில் சேர்க்காமல் ஒதுக்குவது, கையில் வந்தால் ஆடுபவர் முகம் சுளிப்பது ஆகியவை இந்தப் பட்டியலில் வரும்.

இந்த வரிசையை மாற்றினால் என்ன ஆகும் என்பதை அனுபவித்தவன் நான். புதிய அட்டையை முதலில் பார்த்து மயங்கிவிட்டால், அதற்கு இடம் தேட வேண்டிய கட்டாயத்தில் ஒரு குற்றமும் செய்யாத பழைய அட்டையின் மீது குறை கண்டுபிடிப்போம். வெளியேற்றப் பட்டியலில் நீல அட்டை ஒன்றுகூட இல்லையென்றால், இந்தத் தொகுப்பில் நீலத்துக்கு அவசரமில்லை என்று பொருள்.

3. முன்னோட்டத்தைப் படிக்கும் முறை

ஒரு வழக்கமான தொகுப்பில் 250க்கு மேற்பட்ட அட்டைகள் வரும். நான் இப்போது ஒரு தொகுப்பிலிருந்து மூன்று முதல் எட்டு அட்டைகளைத்தான் எடுக்கிறேன். முன்னோட்டம் நாள்தோறும் சில அட்டைகளாக வெளிவரும்போது முடிவெடுக்க வேண்டாம். முழுப் பட்டியலும் வெளியான பிறகு ஸ்க்ரைஃபால் தளத்தில் அதை வண்ண வாரியாகவும் மானா விலை வாரியாகவும் வரிசைப்படுத்தி, ஒரே அமர்வில் படியுங்கள். ஏழு நாள் பேசப்பட்ட அட்டையும் யாருமே பேசாத காமன் (எளிதில் கிடைக்கும்) அட்டையும் அப்போதுதான் ஒரே தட்டில் வந்து நிற்கும்.

போட்டி ஆட்டங்களில் ஓர் அட்டை பெறும் புகழை அப்படியே உங்கள் கியூபுக்குக் கொண்டுவர வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அங்கே 60 அட்டை டெக்கில் ஒரே அட்டையின் நான்கு படிகளை வைக்கலாம், அதற்குத் துணையாக இன்னோர் அட்டையின் நான்கு படிகளையும் வைக்கலாம், ஆகவே குறிப்பிட்ட துணை இல்லாமல் செயல்படாத அட்டையும் அங்கே கொடிகட்டிப் பறக்கும். கியூபில் ஒரு படிதான் இருக்கிறது. துணை அட்டை எதிர்ப்புறம் அமர்ந்திருப்பவரின் கைக்குப் போயிருக்கலாம், அல்லது அன்றைய டிராஃப்டில் வராமலே இருந்திருக்கலாம்.

ஆகவே ஒவ்வோர் அட்டையைப் படிக்கும்போதும் அதன் மிகச் சிறந்த நிலையைக் கற்பனை செய்யாதீர்கள். கையில் வேறு நல்ல அட்டை இல்லை, எதிராளி முந்தியிருக்கிறார், இந்த அட்டையை இப்போது உருவுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு அது என்ன செய்கிறது என்று பாருங்கள். 2007இல் லோர்வின் தொகுப்பில் வந்த முல்டிரிஃப்டர் ஐந்து மானாவுக்குப் பறக்கும் 2/2 (பலம் 2, தாங்கும் அளவு 2) உடலைக் கொடுத்து இரண்டு அட்டைகளையும் எடுக்க விடும், நெருக்கடியில் மூன்று மானா கொடுத்தால் உடல் நிற்காது என்றாலும் அட்டைகள் இரண்டும் கிடைக்கும். அது மோசமான நாளிலும் ஒரு வேலையைச் செய்துவிடும். புளூம்பரோவின் ஸ்டார்ம்சேசர்ஸ் டேலண்ட் ஒரு நீல மானாவுக்கு 1/1 நீர்நாயை இறக்கும், ஆட்டம் நீண்டால் நான்கு மானா கொடுத்து, ஆடிமுடித்த இன்ஸ்டன்ட் அல்லது சார்சரி வகை மந்திரம் ஒன்றைக் கைக்குத் திரும்பக் கொண்டுவரும். முதல் சுற்றிலும் எட்டாம் சுற்றிலும் ஏதோ ஒரு வேலை உள்ள இப்படிப்பட்ட அட்டைகளே கியூபில் நீண்ட நாள் தங்குகின்றன.

4. இரண்டு எலிகளை வைத்து ஓர் ஒப்பீடு

புளூம்பரோவில் வந்த சிவப்பு எலிகள் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஹார்ட்ஃபயர் ஹீரோ ஒரு மானாவுக்கு 1/1. ஒவ்வொரு சுற்றிலும் நீங்கள் அதை உங்கள் மந்திரத்தாலோ திறனாலோ முதன்முறை குறிவைக்கும்போது அதன் மீது ஒரு +1/+1 கவுண்டர் (பலத்தையும் தாங்கும் அளவையும் ஒன்று கூட்டும் குறி) ஏறும், அது இறந்தால் அப்போதைய அதன் பலத்தின் அளவுக்கு எதிராளிகள் ஒவ்வொருவருக்கும் சேதம் விளையும். எம்பர்ஹார்ட் சேலஞ்சர் இரண்டு மானாவுக்கு 3/2, இறங்கிய சுற்றிலேயே தாக்கலாம், கிரியேச்சர் அல்லாத மந்திரம் ஆடும்போதெல்லாம் அந்தச் சுற்று முடியும்வரை பெரிதாகும். அதையும் அப்படிக் குறிவைத்தால் டெக்கின் மேல் அட்டையை வெளியே எடுத்து அந்தச் சுற்றில் ஆடலாம்.

போட்டி ஆட்டங்களில் ஹார்ட்ஃபயர் ஹீரோவுக்குப் பெரிய பெயர் கிடைத்தது. அதைக் கேட்டு நானும் வாங்கினேன். பிறகுதான் என் சிவப்பு 50ஐ உட்கார்ந்து எண்ணினேன். தன் சொந்தக் கிரியேச்சரைக் குறிவைப்பதற்கென்றே உள்ள அட்டைகள் மூன்றுதான் இருந்தன. எட்டுப் பேர் மேசையில் அந்த மூன்றும் ஒருவர் கைக்கே போய்ச் சேரும் என்று எதிர்பார்க்க முடியாது. சேராவிட்டால் ஹீரோ வெறும் ஒரு மானா 1/1. அதை ஹீரோவாக்க வேண்டுமென்றால் இன்னும் ஐந்தாறு அட்டைகளை அதற்காகவே சேர்க்க வேண்டும், அந்த அட்டைகளோ ஹீரோ இல்லாத நேரத்தில் யாருக்கும் பயன்படாதவை. ஓர் அட்டைக்காக ஆறு இடங்கள் போய்விடும்.

சேலஞ்சருக்கு இந்தச் சிக்கல் இல்லை, குறிவைக்கும் வரியை மறைத்துவிட்டுப் படித்தாலும் அது நல்ல அட்டைதான். ஆனால் நல்ல அட்டையாக இருந்தால் மட்டும் போதாது, யாருடைய இடத்தில் வருகிறது என்று பார்க்க வேண்டும். என் வெளியேற்றப் பட்டியலில் அதே இரண்டு மானா விலையில் 2007ஆம் ஆண்டின் கெல்டன் மரௌடர்ஸ் இருந்தது. அது 3/3 உடலோடு இறங்கும்போது ஒரு சேதம், அடுத்த சுற்றில் ஒரே ஒரு தாக்குதல், மறைந்து போகும்போது இன்னொரு சேதம் தரும். தடுப்பார் இல்லையென்றால் மொத்தம் 5. இரண்டாம் சுற்றில் இறங்கும் சேலஞ்சர், தடுப்பார் இல்லையென்றால் இரண்டே தாக்குதலில் 6 சேதம் செய்துவிட்டு மேசையிலேயே நிற்கும். ஆட்டத்தின் பிற்பகுதியில் நிலைமை மாறுகிறது. எதிராளியிடம் பெரிய உடல்கள் நிற்கும்போது மரௌடர்ஸ் எப்படியும் 2 சேதத்தைச் செய்துவிடும், சேலஞ்சரோ அவற்றின் மீது மோதிச் சாகும். இந்த இழப்பைத் தெரிந்துகொண்டே நான் மாற்றினேன், பதிவேட்டிலும் அப்படியே எழுதினேன். “புதியது எல்லா வகையிலும் மேல்” என்று உங்கள் மனம் சொல்லும் நேரத்தில், பழைய அட்டை எந்த நிலையில் மேலாக இருக்கிறது என்று ஒன்றையாவது கண்டுபிடித்து எழுதுங்கள். எழுத முடியவில்லையென்றால் பழைய அட்டையை நீங்கள் சரியாகப் படிக்கவில்லை, அல்லது முடிவு உண்மையிலேயே எளிது.

5. மேசையின் மேல் ஏறும் சுமை

வலிமை பற்றிய கேள்வியில் தேறிய அட்டையும் இங்கே தோற்கலாம். ஓர் அட்டையோடு வேறு என்னென்ன பொருள்கள் மேசைக்கு வர வேண்டும் என்று கணக்கிடுங்கள். டோக்கன் (ஆட்டத்தின்போது உருவாகும் கிரியேச்சர் போன்றவற்றைக் குறிக்கும் துண்டு) ஒன்று தேவையென்றால் அதைக் கியூப் பெட்டியில் வைத்துவிடலாம், அது பெரிய சுமை இல்லை. 2021இல் இன்னிஸ்ட்ராட்: மிட்நைட் ஹண்ட் கொண்டுவந்த பகல்-இரவு முறை வேறு வகை, ஒருமுறை தொடங்கிவிட்டால் அதைக் கொண்டுவந்த அட்டை போன பிறகும் ஆட்டம் முடியும்வரை ஒவ்வொரு சுற்றிலும் கவனிக்க வேண்டும். 2022இல் வந்த இனிஷியேட்டிவ் முறைக்கு அண்டர்சிட்டி என்ற தனி அட்டை பக்கத்தில் வேண்டும், அதன் அறைகளை ஒவ்வொருவருக்கும் விளக்கவும் வேண்டும். இத்தகைய முறையை ஓர் அட்டைக்காக மட்டும் கொண்டுவருவது வீண் வேலை. பத்து அட்டைகள் அதே முறையில் வருகின்றன என்றால் யோசிக்கலாம்.

இருபக்க அட்டைகளுக்கு ஒளி ஊடுருவாத ஸ்லீவ் (அட்டையைச் செருகும் பிளாஸ்டிக் உறை) கட்டாயம். டிராஃப்டின்போது பின்பக்கத்தைப் பார்க்க அட்டையை ஸ்லீவிலிருந்து உருவ வேண்டியிருப்பதால், பக்கத்து நண்பர்கள் அனைவருக்கும் நீங்கள் என்ன எடுக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். என் கியூபில் இருபக்க அட்டைகளை ஆறுக்கு மேல் போக விடுவதில்லை. இதற்கு எந்தக் கணக்கும் இல்லை, என் பொறுமையின் அளவு அவ்வளவுதான்.

அதிக வலிமையும் ஒரு சுமைதான். 2019இல் திரோன் ஆஃப் எல்ட்ரேன் தொகுப்பில் வந்த ஓக்கோ, தீஃப் ஆஃப் கிரௌன்ஸ் அதே ஆண்டு நவம்பரில் ஸ்டாண்டர்ட் என்ற போட்டி வடிவத்திலும் 2020 ஜனவரியில் மாடர்ன் என்ற வடிவத்திலும் தடை செய்யப்பட்டது. மிகப் பழைய வலிமையான அட்டைகள் நிறைந்த கியூபில் அது பொருந்தும். நடுத்தரக் கியூபில் சேர்த்தால், அன்று அதை எடுத்தவர் வென்றார் என்பதைத் தவிர வேறு பேச்சு இருக்காது.

6. எண்ணிக்கையைச் சரிபார்த்தல்

தேர்ந்த மாற்றங்கள் அனைத்தையும் பட்டியலில் செய்து முடித்தபின், வண்ண வாரியாக ஒரு மானா, இரண்டு மானா, மூன்று மானா என்று கிரியேச்சர்களை மீண்டும் எண்ணுங்கள். எதிரியின் கிரியேச்சரை நீக்கும் அட்டைகளையும் எண்ணுங்கள். பழைய எண்ணிக்கையிலிருந்து எந்தக் கட்டத்திலாவது இரண்டுக்கு மேல் மாறியிருந்தால், ஒரு மாற்றத்தையாவது திரும்பப் பெறுங்கள். பத்து நிமிட வேலைதான். இதைச் செய்யாததால்தான் அந்த 41 அட்டை இரவு நடந்தது.

7. வாங்குதல்: செலவும் காலமும்

முன்னோட்டத்தின்போதும் முன்பதிவின்போதும் விலைகள் பெரும்பாலும் உச்சத்தில் இருக்கும். வெளியீட்டு நாளுக்குப் பிறகு பேக்குகள் உடைக்கப்பட்டு அட்டைகள் சந்தைக்கு வந்து குவியும்போது பெரும்பாலானவற்றின் விலை இறங்கும். ஆகவே மூன்று, நான்கு வாரங்கள் காத்திருங்கள். போட்டி ஆட்டங்களில் பிடித்துக்கொண்ட சில அட்டைகள் மட்டும் இதற்கு மாறாக ஏறும். அதற்குப் பயந்து எல்லாவற்றையும் முன்பதிவு செய்வதைவிட, அந்த ஓரிரு அட்டைகளுக்குக் கூடுதலாகக் கொடுப்பதே மொத்தத்தில் மலிவு.

காத்திருக்கும் காலத்தில் ஆடுவதற்கு மாற்றுத்தாள் போதும். அட்டையின் பெயர், விலை, உரை ஆகியவற்றை 63க்கு 88 மில்லிமீட்டர் தாளில் அச்சிட்டு, ஓர் அடிப்படை நிலத்தின் முன்னால் வைத்து ஸ்லீவில் செருகுங்கள். அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளில் இதற்கு அனுமதி இல்லை, வீட்டு மேசையில் யாரும் தடுக்கப்போவதில்லை. இரண்டு டிராஃப்டுகளில் யாரும் தொடாத மாற்றுத்தாளின் உண்மையான அட்டையை வாங்காமலே விட்டுவிடலாம். எனக்குச் செலவைக் குறைத்துத் தந்தது வேறெதையும்விட இந்தப் பழக்கம்தான்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஒரே அட்டை சாதாரணச் சட்டத்திலும் அலங்காரச் சட்டங்களிலும் வரும், விலைகளும் வேறுபடும். மேசைக்கு எதிர்ப்புறமிருந்து படிக்கக்கூடிய சாதாரணப் பதிப்பையே எடுங்கள். ஃபாயில் (பளபளப்பான) அட்டைகள் ஈரப்பதத்தால் வளையக்கூடும், வளைந்த அட்டை ஸ்லீவுக்குள் இருந்தாலும் அட்டைக் கட்டுக்குள் தனியாகத் தெரிந்துவிடும். மலிவான அட்டைகளை ஒன்றிரண்டாக வாங்கினால் அட்டையைவிட அனுப்பும் கட்டணம் அதிகமாகும் என்பதால், இரண்டு தொகுப்புகளுக்குத் தேவையானதைச் சேர்த்து ஒரே விற்பனையாளரிடம் வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் சுங்க வரியையும் முன்கூட்டியே கணக்கில் சேருங்கள். பழைய அட்டைகளுக்கு நிலைத் தரம் என்னவென்று எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒருமுறை “கிட்டத்தட்டப் புதியது” என்று எனக்கு வந்த அட்டையின் மூலையில் தெளிவான மடிப்பு இருந்தது, படமெடுத்து அனுப்பிப் பணத்தைத் திரும்பப் பெற மூன்று வாரங்கள் ஆயின. உறையைத் திறக்கும்போதே படமெடுத்து வைத்திருந்ததால் பிழைத்தேன்.

ஸ்லீவ் பற்றி யாரும் எனக்குச் சொல்லாத ஒன்று: புதிய அட்டையைப் புதிய ஸ்லீவில் போடாதீர்கள். பழகிய 359 ஸ்லீவுகளுக்கு நடுவே புத்தம் புது ஸ்லீவ் விரலுக்கே தெரியும், கலைக்கும்போது அது எங்கே போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம். வெளியேறும் அட்டையின் ஸ்லீவை அப்படியே உள்ளே வரும் அட்டைக்குக் கொடுங்கள். 360 அட்டைகளோடு வண்ணத்துக்கு 30 வீதம் 150 அடிப்படை நிலங்களும் சேர்ந்தால் 510 ஆகும். 100 கொண்ட பொட்டலங்களில் ஆறு வேண்டும், கிழிவதற்கென்று ஏழாவதையும் அதே நாளில் வாங்கிவிடுங்கள். ஒரே நிறுவனத்தின் ஒரே நிறமும் அடுத்த ஆண்டு வாங்கும்போது சற்று வேறுபட்டு வருவதுண்டு.

8. சோதனைக் காலத்தைக் கணக்கிடுதல்

“இரண்டு மாதம் பார்த்தேன், சரியில்லை, எடுத்துவிட்டேன்” என்று சொல்பவர்கள் பெரும்பாலும் அந்த அட்டையைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். கணக்கு இதோ. உங்கள் வீட்டுக்கு நான்கு பேர்தான் வருகிறார்கள் என்றால் 180 அட்டைகள் மட்டுமே பேக்குகளில் இறங்கும், ஆகவே புதிய அட்டை மேசைக்கு வரும் வாய்ப்பு பாதி. எடுக்கப்பட்ட 45 அட்டைகளில் 23தான் டெக்கில் சேரும் என்பதால் அங்கே மீண்டும் ஒரு பாதி. ஆக, நான்கு டிராஃப்டுக்கு ஒருமுறைதான் அது ஒருவருடைய டெக்கில் இருக்கும். மாதம் ஒருமுறை ஆடுபவர்களுக்கு இது ஆண்டுக்கு மூன்று முறை. டெக்கில் இருந்தாலும், 40 அட்டைகளில் ஓர் ஆட்டத்தில் 15 வரைதான் கண்ணில் படும்.

ஆகவே எட்டுப் பேர் ஆடும் குழுவில் குறைந்தது நான்கு டிராஃப்டுகளும், நான்கு பேர் குழுவில் எட்டு டிராஃப்டுகளும் ஆகும்வரை எந்தப் புதிய அட்டையையும் வெளியேற்ற வேண்டாம். அவ்வளவு காலம் காத்திருக்க முடியாதவர்கள் ஒரு குறுக்குவழியைப் பயன்படுத்தலாம்: பேக்குகளைக் கலைத்துப் பிரிக்கும்போது, சோதனையில் உள்ள அட்டைகளைத் தனியே எடுத்துப் பேக்குக்கு ஒன்று வீதம் வேண்டுமென்றே போட்டுவிடுங்கள். அப்போது முதல் பாதிக் கணக்கு மறைந்துவிடும். இதை நண்பர்களிடம் முன்னமே சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்லாமல் செய்து, பிறகு கண்டுபிடிக்கப்பட்டு, ஒரு மாலை முழுதும் கிண்டலுக்கு ஆளானேன்.

ஆட்டம் முடிந்ததும் மூன்று கேள்விகளைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த அட்டை எத்தனையாவது தேர்வாகப் போனது? டெக்கில் இடம் பெற்றதா? கையில் இருந்தும் ஆடாமல் வைத்திருந்தார்களா, ஏன்? வென்றார்களா தோற்றார்களா என்பதைக் கேட்க வேண்டாம், இத்தனை குறைந்த ஆட்டங்களில் அது எதையும் காட்டாது.

9. வெளியேற்றிய அட்டைகள்

வெளியேறிய அட்டைகளை உடனே விற்றுவிடாதீர்கள். ஒரு தனிப் பெட்டியில் வண்ண வாரியாக ஓர் ஆண்டு வைத்திருங்கள். புதிய அட்டை தோற்றால் திரும்பி வர வேண்டியது இந்தப் பெட்டியிலிருந்துதான். மலிவு விலைக்கு விற்றதை இரண்டு மடங்கு கொடுத்துத் திரும்ப வாங்கிய அனுபவம் எனக்கு இரண்டு முறை உண்டு. பெட்டியில் ஓர் ஆண்டைக் கடந்த அட்டைகளை ஒன்றாகச் சேர்த்து, அடுத்த தொகுப்பின் செலவுக்காக விற்கலாம் அல்லது மாற்றிக்கொள்ளலாம். மரௌடர்ஸ் இன்னும் என் பெட்டியில்தான் இருக்கிறது. சேலஞ்சர் ஐந்து டிராஃப்டுகளைக் கடந்துவிட்டது, இன்னும் மூன்று பாக்கி.